சேதாரம் இல்லாத வேலை ஏது?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 34 வயது. சேலம் சிவதாபுரத்தில் இருக்கிறேன். அப்பா வெள்ளிக் கொலுசுத் தொழிலாளி, வீட்டிலேயே பட்டறை. பள்ளியில் படிக்கும்போதே அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பற்றவைக்கப் பழகியிருக்கிறேன். தமிழ்வழியில் படித்து எம்.காம். முடித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்து 9 வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக அந்தப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. மாதாமாதம் முதலாளி முன்னால் கணக்கை விளக்க வேண்டும். முந்தின நாள் இரவு ஒரு மணி வரை தூங்க மாட்டேன். போட்ட கணக்கையே நான்கைந்து முறை போட்டுப் பார்ப்பேன். கூட்டத்தில் கை சில்லிட்டுப் போகும், குரல் நடுங்கும். இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று என்றைக்காவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்றே தோன்றுகிறது. ஒருமுறை ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் என் இங்கிலீஷ் உச்சரிப்பைச் சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு இன்னும் மோசம். போன வருடம் ஒரு நூல் வியாபாரி மூன்று மாத பில்லை ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டாமல் விட்டிருந்ததை நான் கண்டுபிடித்தேன் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அது தற்செயலாகக் கண்ணில் பட்டதுதான். இப்போது கோயம்புத்தூர்க் கிளையின் கணக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். மாதத்தில் ஆறேழு நாள் போய்வர வேண்டும். கணவர் போ என்கிறார். அம்மா, "நமக்கெதுக்கு கண்ணு பெரிய எடமெல்லாம், கைக்கு எட்டுனது போதும்" என்கிறார். தன்னம்பிக்கை வந்த பிறகு ஏற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அதை எப்படி வரவழைப்பது? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'தற்செயல்' என்ற ஒரு சொல். முதலில் அதைப் பேசிவிடலாம். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

நூல் வியாபாரி ரிட்டர்னில் காட்டாமல் விட்ட பில் எப்படிக் கண்ணில் படும்? நான் கணக்காளர் இல்லை. ஆனால் என் தம்பி சின்னதாக ஒரு விசைத்தறிக்கூடம் நடத்துகிறான், மாதம் 14-ம் தேதி வந்தால் அவன் வீட்டில் இதே பேச்சுதான். விற்றவர் ரிட்டர்ன் போட்டால்தான் வாங்கியவரின் 2பி-யில், அதாவது அன்றைக்கு ஜிஎஸ்டி தளம் தரும் கொள்முதல் பட்டியலில், அந்த பில் வரும். வராவிட்டால் இன்புட் எடுக்க, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பக்கம் 2பி, இன்னொரு பக்கம் கொள்முதல் பதிவேடு என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு பில்லாக ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு வியாபாரியின் பில் மட்டும் தொடர்ந்து மூன்று மாதம் காணவில்லை என்பது புரிய வேண்டுமானால், அந்த மூன்று மாதமும் மனதில் நிற்க வேண்டும். சாலையில் நடந்துபோகும்போது பத்து ரூபாய் நோட்டு கிடந்தால் அது தற்செயல். நீங்கள் செய்தது 9 வருடப் பழக்கத்தில் வந்த வேலை. அதற்குக் கிடைத்த பாராட்டை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் ஓரமாக வைத்துவிட்டீர்கள். ஆனால் ஒரு ஆள் ஒருநாள் சிரித்த சிரிப்பை மட்டும் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்.

நன்றாக நடந்தால் அதிர்ஷ்டம், தப்பாகப் போனால் அதுதான் என் உண்மையான தரம் என்று எழுதும் இந்த இரட்டைக் கணக்குக்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு. 1978-ல் அமெரிக்காவில் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு பெண் உளவியலாளர்கள், படிப்பிலும் வேலையிலும் நன்றாகச் சாதித்த பெண்கள் பலரைச் சந்தித்துப் பேசி ஒரு கட்டுரை எழுதினார்கள். பட்டமும் பதவியும் கையில் இருந்தும், 'நான் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் தெரிந்துவிடும்' என்று உள்ளுக்குள் பயந்தபடியே இருந்தவர்கள் அவர்கள். 'போலி' என்ற உணர்வு என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஆண்களுக்கும் இது வருவது பிறகு தெரியவந்தது. இது நோய் அல்ல. நோய்களின் பட்டியலில் இதற்கு இடமும் இல்லை. இதைச் சொல்லக் காரணம், உங்களைப் போலவே எழுதுகிற பலர் கடைசியில் "எனக்கு ஏதாவது கோளாறா?" என்று கேட்பதுதான். கோளாறு இல்லை. இது ஒரு சுற்று. உள்ளே மாட்டிக்கொண்டால் தானாக நிற்காது.

அது எப்படிச் சுற்றுகிறது என்று பாருங்கள். கூட்டம் வருகிறது, பயம் வருகிறது. பயத்தைத் தணிக்க இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து, சரியாக இருக்கிற கணக்கையே ஐந்தாவது முறையாகப் போடுகிறீர்கள். மறுநாள் கூட்டம் நன்றாகவே முடிகிறது. இதில் பெயர் யாருக்குப் போகிறது? உங்களுக்கு இல்லை, அந்த இரவுக்கு. 'ஒரு மணி வரை உட்கார்ந்ததால் தப்பித்தேன்' என்று மனம் குறித்துக்கொள்கிறது. அடுத்த மாதம் அந்த இரவு இன்னும் அவசியமாகிவிடுகிறது. இரண்டு வருடத்தில் 24 கூட்டம் முடித்திருப்பீர்கள். 24 முறை சரியாகச் செய்த ஒருவருக்குக் கொஞ்சமாவது துணிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால், அந்த 24-ல் ஒன்றைக்கூட நீங்கள் உங்கள் பேரில் வரவு வைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

உங்கள் அம்மா சொன்னதையும் இங்கே பேச வேண்டும். அவர் மீது கோபப்படாதீர்கள். கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீடுகளின் வாழ்க்கையை ஓரளவு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வெள்ளி வியாபாரியுடையது, உழைப்பு மட்டும்தான் வீட்டுக்காரர்களுடையது. எடை போட்டு வாங்கி, எடை போட்டுத் திருப்பித் தர வேண்டும். எடையில் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள், டச், அதாவது வெள்ளியின் சுத்தம், குறைந்தால் பேரே போய்விடும். அப்படிப்பட்ட வீட்டில் அதிகம் ஆசைப்படாமல், தப்புக்கு இடம் கொடுக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. அம்மா உங்களுக்குக் கொடுத்தது அந்தப் பாதுகாப்பை. அவர் வாழ்க்கைக்கு அது சரியாக இருந்தது. உங்கள் வேலைக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். வீட்டின் முதல் பட்டதாரிக்கு இன்னொரு சிரமமும் உண்டு: கூட்டத்தில் எப்படி உட்கார வேண்டும், தெரியாததை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கற்றுத்தர வீட்டில் முன்னால் போனவர்கள் யாரும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர் அப்பாவையும் மாமாவையும் பார்த்துச் சின்ன வயதிலேயே பழகியதை நீங்கள் 34 வயதில் தனியாகப் பழகுகிறீர்கள். அதைத் திறமைக் குறைவு என்று தப்பாகப் படித்துவிடாதீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தன்னம்பிக்கை வந்த பிறகு ஏற்றுக்கொள்ளலாம் என்கிறீர்கள். அந்த வரிசை தலைகீழ். அது முன்னால் வந்து நின்று உங்களை அழைத்துப் போகாது, செய்த வேலைக்குப் பின்னால்தான் வரும். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் இதைத் தெளிவாக எழுதினார். 'என்னால் இது முடியும்' என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது: தானே செய்து பார்ப்பது, நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, நாம் மதிக்கிறவர்கள் சொல்வது, நம் உடம்பின் படபடப்பை நாமே எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. நான்கிலும் பலமானது முதலாவதுதான். பாம்பைக் கண்டால் நடுங்குகிறவர்களை வைத்து அவர் குழு ஆய்வு செய்தது. இன்னொருவர் பாம்பைக் கையில் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கும் தைரியம் கூடியது. ஆனால் துணைக்கு ஒருவர் நிற்க, கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்களே தொட்டுப் பழகியவர்களுக்குத்தான் அதிகம் கூடியது.

உங்களுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. பற்றவைக்கப் பழகிய நாட்களை நினைத்துப் பாருங்கள். தீ கொஞ்சம் அதிகமானால் கண்ணி இளகி உருண்டையாகிவிடும், குறைந்தால் ஒட்டாது. அந்த அளவு கைக்கு எப்படி வந்தது? நம்பிக்கை வரட்டும் என்று அப்பா உங்களைத் திண்ணையில் உட்கார வைத்தாரா? இல்லையே. ஏதோ உடைந்த துண்டைக் கொடுத்து, பக்கத்திலேயே இருந்திருப்பார். நீங்கள் நாலைந்து கண்ணியை உருக்கியிருப்பீர்கள். அதற்காக உன் கை பட்டறைக்கு ஆகாது என்று சொல்லியிருக்க மாட்டார். உருகியதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த துண்டைக் கொடுத்திருப்பார். வெள்ளி வேலையில் சேதாரம் என்று ஒரு கணக்கே தனியாக உண்டு. அராவும்போது பொடி உதிரும், உருக்கும்போது கொஞ்சம் போகும். உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி மறுபடி உருக்குவார்கள். எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் சேதாரம் போட்டுத்தான் கணக்கு. நீங்கள் உங்களுக்கு மட்டும் சேதாரமே இல்லாமல் கணக்குப் போடுகிறீர்கள். ஒரு பைசா உதிர்ந்தாலும் மொத்த உருப்படியும் போலி என்கிறீர்கள். உலகத்தில் எந்தப் பட்டறையிலும் அப்படி ஒரு கணக்கு இல்லை.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஏற்காட்டில் வாரம் ஒருநாள் ஆலோசனை சொல்லப் போக வேண்டியிருந்தது. பஸ் நேரம் ஒத்துவரவில்லை. கார் ஓட்டத் தெரியும், ஆனால் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும் என்று நினைத்தாலே வயிறு கலங்கும். பழக்கிவிட வந்தவர் மலைப்பாதையில் வருடக்கணக்காக வண்டி ஓட்டியவர். முதல் வாரம் ஐந்தாவது வளைவுக்கு மேல் என்னை விடவில்லை. அங்கே ஓரமாக நிறுத்தி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, திருப்பி இறக்கிவிட்டார். "ஏறுன கியர்லயே எறங்குங்கம்மா, பிரேக்கை மட்டும் நம்பாதீங்க" என்பதைத் தவிர அதிகம் பேச மாட்டார். 'பயப்படாதீங்க' என்று ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை. அடுத்த வாரம் பத்து, அதற்கடுத்த வாரம் உச்சி. இன்றைக்கும் திருப்பத்தில் எதிரே பஸ் இறங்கி வந்தால் என் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் போகிறேன், வருகிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள், கணக்கை ஒருமுறை போட்டு ஒருமுறை சரிபாருங்கள். இரவு பத்து மணிக்கு லேப்டாப்பை மூடிவிடுங்கள். கை துறுதுறுக்கும், இன்னும் ஒருதரம் பார்த்தால் என்ன என்று தோன்றும். பார்க்காதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு சின்ன நோட்டில், நாளைக்கு என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்களோ அதை அப்படியே எழுதுங்கள். 'முதலாளி ஒரு கேள்வி கேட்பார், எனக்குத் தெரியாது, எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்' என்று தெளிவாக. கூட்டம் முடிந்த அன்றே, எதிர்ப்பக்கத்தில் உண்மையில் நடந்ததை எழுதுங்கள். நடந்ததை மட்டும், தோன்றியதை அல்ல. மூன்று நான்கு மாதம் கழித்து இரண்டு பக்கங்களையும் 2பி-யும் பதிவேடும் போல ஒத்துப்பாருங்கள். அதில் உங்களைவிடத் திறமைசாலி யார்? இந்த நோட்டு எளிமையாகத் தெரியும். ஆனால் நான் பார்த்தவரை, எத்தனை அறிவுரை சொன்னாலும் அசையாத மனம் தன் கையெழுத்தைப் பார்த்துத்தான் கொஞ்சம் இளகுகிறது.

கை சில்லிடுவதைப் பற்றி. பதற்றத்தில் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, அதனால் கை குளிர்கிறது. மூச்சு மேலோட்டமாகி, தொண்டைத் தசை இறுகுவதால் குரல் நடுங்குகிறது. உங்களுக்கு விஷயம் தெரியவில்லை என்பதற்கு இது அடையாளம் அல்ல. விஷயம் உங்களுக்கு முக்கியம் என்பதற்கு அடையாளம். பேசுவதற்கு முன் நான்கைந்து முறை மூச்சை மெதுவாக, உள்ளே இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள். இன்னொன்று: நம் நடுக்கம் நமக்குத் தெரிகிற அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. 2003-ல் சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், பேசப் போகிறவர்களிடம் இந்த உண்மையை முன்கூட்டியே சொன்னார்கள். சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அதனால் உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

கண்ணாடி முன் நின்று 'நான் சிறந்தவள், நான் வெல்வேன்' என்று தினமும் சொல்லும்படி யாராவது ஆலோசனை தந்திருக்கலாம். உங்களுக்கு வேண்டாம். கனடாவில் ஜோஆன் வுட் என்பவரின் குழு 2009-ல் இதைச் சோதித்தது. ஏற்கெனவே தன்னைக் குறைவாக நினைப்பவர்கள் தன்னைப் புகழும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மனம் சோர்ந்துபோனார்கள். உள்ளே இருக்கிற குரல் 'பொய்' என்று உடனே எதிர்ப்பேச்சு பேசிவிடுகிறது. அதற்குப் பதில் மறுக்க முடியாத ஒரு வாக்கியம் போதும்: 'இந்தக் கணக்கைப் போட்டவள் நான். இதில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.'

கூட்டத்தில் தெரியாத கேள்வி வந்தால், "அதைப் பார்த்துவிட்டு நாளைக்குள் சொல்கிறேன் சார்" என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் உடனே பதில் வைத்திருப்பவரைவிட, இப்படிச் சொல்லி நடந்துகொள்பவரைத்தான் முதலாளிகள் நம்புகிறார்கள். கணக்கில் அடித்துவிடுகிறவர்களைக் கண்டால் அவர்களுக்கு எப்போதும் பயம்.

உச்சரிப்பைக் கேலி செய்தவரைப் பற்றி எழுதும்போது எனக்கே வருத்தமாக இருந்தது. அது உங்கள் குறை அல்ல, அந்த மனிதரின் பண்புக் குறை. ஒருவரைப் பார்த்து இப்படிச் சிரித்தால் யாருக்கும் மனம் சுருங்கும். எல்லாத் தயக்கமும் உள்ளேயிருந்து வருவதில்லை, சிலவற்றை வெளியே இருப்பவர்கள் கொண்டுவந்து போடுகிறார்கள். மறுபடி நடந்தால், "நான் சொன்ன எண் புரிந்ததா சார்? புரியவில்லையென்றால் தமிழில் சொல்கிறேன்" என்று நிதானமாகக் கேட்டுவிடுங்கள். இங்கிலீஷ் ஒரு தொழில்திறமை, அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டியது ஏறக்குறைய ஒரே மாதிரியான முப்பது நாற்பது வாக்கியம். அதை மட்டும் எழுதி, வாய்விட்டுப் பழகுங்கள். மற்றதைத் தமிழில் பேசலாம். கணக்கு எந்த மொழியில் சொன்னாலும் அதே தொகைதான்.

கோயம்புத்தூர் விஷயத்தில் போங்கள், போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மறுப்பதானால் எதற்காக மறுக்கிறீர்கள் என்று தெரிந்து மறுங்கள். மாதம் ஆறேழு நாள் பயணம், போக மூன்று மணி நேரம் வர மூன்று மணி நேரம்; வீட்டை யார் பார்ப்பது, சம்பளம் எவ்வளவு கூடும், உடம்பு தாங்குமா? இவை எடை போட வேண்டிய காரணங்கள். இவற்றால் வேண்டாம் என்றால் அது நல்ல முடிவு, நிம்மதியாக இருங்கள். 'எனக்கு அந்தத் தகுதி இல்லை' என்பது மட்டும் காரணம் என்றால், அதை நீங்களே தீர்மானிக்காதீர்கள். உங்கள் அப்பா வெள்ளியைக் கண்ணால் பார்த்துத் தரம் சொல்ல மாட்டார், டச் பார்த்துத்தான் சொல்வார். நீங்களும் முதலாளியிடம் நேராகக் கேளுங்கள்: "எதை வைத்து என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள் சார்?" பதிலைக் குறுக்கே பேசாமல் முழுதும் கேளுங்கள். அப்புறம், முதல் மூன்று மாதம் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறேன், பிறகு முடிவு செய்யலாம் என்று கேட்டுப் பாருங்கள். ஐந்தாவது வளைவு வரை போய்த் திரும்புகிற மாதிரிதான்.

ஒரு எச்சரிக்கை. படபடப்பு கூட்டம் இல்லாத நாட்களிலும் வந்தால், வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால், சாப்பாட்டிலும் வீட்டாரிடமும் பிடிப்பு விட்டுப்போனால், இதெல்லாம் எதற்கு என்று வாழ்வே வெறுத்தால், என் பதிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். முதலில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பரிசோதித்துப் பாருங்கள். இரண்டில் எது சரியில்லாமல் போனாலும் நெஞ்சு படபடக்கலாம், பெண்கள் பலர் அதைப் பயம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக, எந்த நேரத்திலும், தமிழில் பேசலாம்.

அடுத்த கூட்டம் முடிந்ததும் அந்த நோட்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போய் உட்கார்ந்து, அவர் தொழில் பழகிய முதல் வருடம் எத்தனை கண்ணியை உருக்கினார் என்று கேளுங்கள். அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள்.